மூன்று சுவர் வீடு

"இந்த வீட்டுல ஆள் இருக்கற மாதிரியே தெரியலையே" என்றார் டைரக்டர்.

ஆள் இல்லைதான். பலகையும் ஆணியுமாக ஸ்டூடியோவின் நாலாவது தளத்தில் முந்தின நாள் எழுப்பிய வீடு அது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கேமராவுக்காகத் திறந்து கிடந்தது. இந்த நியாயத்தையெல்லாம் டைரக்டரிடம் பேச முடியுமா? கலை இயக்குநர் பவ்யமாகத் தலையை ஆட்டினார்.

பதினொரு வருஷமாக சினிமாவுக்கு வீடு போட்டுத் தருகிறவர். அதனால் அவருக்கு ஸ்டூடியோவில் 'வீட்டுக்காரர்' என்றே பெயர். பணக்கார வீடு, பேய் வீடு, கொலை விழுகிற வீடு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். இந்தப் படத்தில்தான் வந்து மாட்டிக்கொண்டார். வீடு அழகாக இருக்க வேண்டும், ஆனால் நாலு பேர் புழங்கினதாகத் தெரிய வேண்டும், பார்த்த மாத்திரத்தில் உள்ளே போய் உட்காரத் தோன்ற வேண்டுமாம்.

"திங்கட்கிழமை ஷூட்டிங். அன்னிக்கும் இது ஃபர்னிச்சர் கடை மாதிரியே இருந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு டைரக்டர் போய்விட்டார்.

வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினார். திரைச்சீலைகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். நாற்காலிக் கைகளை உப்புத்தாளால் தேய்த்தார். சுவரில் மெழுகுவர்த்திப் புகை காட்டினார். மறுநாள் டைரக்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போது இது குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வீடு மாதிரி இருக்கிறது என்றார்.

சரி, பழசு என்றால் நிஜமான பழசே வைத்துவிடுவோம் என்று தன் வீட்டுச் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் மனைவி உட்கார்ந்து காய் நறுக்கி நறுக்கிக் குழி விழுந்த நாற்காலி. டைரக்டருக்கு முகம் மலர்ந்தது. அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார்.

"இதுல ஆள் உக்காந்திருக்கு. பக்கத்துல இருக்கறதுதான் பூரா பொய் சொல்லுது."

அங்கேதான் சனி பிடித்தது. நாற்காலி நிஜமானதும் மேஜை பொய்யாகத் தெரிந்தது. சொந்த மேஜையைக் கொண்டுவந்து போட்டார், குக்கர் சுட்ட வட்டத்தோடு. மேஜை நிஜமானதும் விளக்கு பல்லை இளித்தது. வீட்டு விளக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் திரைச்சீலையின் சாயம் வெளுத்தது. திரையும் வந்தது. ஒன்றை வைத்தால் ஒன்பது காட்டிக்கொடுத்தது.

அவர் மனைவி கல்யாணமான நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊராருக்கெல்லாம் ஆசை ஆசையாக வீடு போடுகிறீர்களே, நம் கூடத்தை மட்டுமாவது உங்கள் படத்தில் வருகிற மாதிரி ஆக்கித் தரக்கூடாதா என்பாள். இந்தப் படம் முடியட்டும் என்பார் அவர். பதினொரு வருஷத்தில் பத்தொன்பது படம் முடிந்திருந்தது.

வியாழக்கிழமை வண்டியில் பாத்திர அலமாரி ஏறியபோது அவள் வாசலில் நின்று விசாரித்தாள்.

"அங்க ஃபேன் சுத்துமா?"

"பின்னே? திரை ஆட வேண்டாமா?"

"சமையல்கட்டுல தண்ணி வருமா?"

கதாநாயகி டம்ளர் கழுவுகிற காட்சி ஒன்று உண்டு. அதற்காகத் தானே முன்நின்று குழாய் போட்டதைப் பெருமையாக விவரித்தார். அவள் கேட்டுக்கொண்டு, "நல்லாருக்கு" என்றாள். தன் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதே இல்லை. அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை படுக்கையறைக் கதவைக் கழற்றினார். பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டுவைத்த கதவு. அடுத்த கோட்டை எதில் போடுவது என்று பையன் கேட்டான். தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண், நல்லவேளை எனக்கு இந்த வருஷம் போட்டாச்சு என்றாள்.

சனிக்கிழமை காலையில் கட்டிலும் மெத்தையும் போயின. கடைசியாக அடுப்பில் கை வைத்தார்.

"அடுப்பையுமா?"

"புது அடுப்பு வெச்சா அந்த மனுஷன் கண்டுபிடிச்சுடுவாரும்மா. படம் முடிஞ்சதும் எல்லாம் அப்படியே திரும்பி வந்துடும்."

மனைவி சண்டை போடவில்லை. பழைய துணி எடுத்து அடுப்பைச் சுற்றிக் கொடுத்தாள், கூடவே மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற கேரியரையும். தினமும் அவள்தான் அதை ஸ்டூடியோ வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள். இனி நடந்து தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை என்றாள். சண்டை போடாத மனைவியைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். அவருக்கு ஏது நேரம்.

மாலையில் டைரக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு எனக்கே சொல்லத் தெரியலை."

தரையாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டினார். பக்கத்து ஊரில் பழைய கட்டடம் இடிக்கிறார்கள், தேய்ந்த தரைக்கல் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அங்கிருந்தே பஸ் ஏறினார். ஞாயிறு முழுக்க அலைந்ததில் கிடைத்தது முழங்காலில் ஒரு சிராய்ப்புதான். திங்கட்கிழமை காலை வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார். பதினொரு வருஷ வேலை இன்றோடு சரி என்று மனசைத் தயார்பண்ணிக்கொண்டுதான் நடந்தார்.

டைரக்டர் முன்பே வந்து, கேமரா வைக்கிற இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிங்க இதைப் பண்ணினீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சாய்வு நாற்காலியின் முதுகில் ஈரத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மேஜையில் மூடாத நோட்டு, கீழே பென்சில் சீவின தூள். ஜன்னல் விளிம்பில் இரண்டு வாய் காப்பி மிச்சமிருந்த டம்ளர். சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதக்கிய வாசனை வந்தது.

"எங்க அம்மா வீட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு. அந்தக் கதவுல பழைய கோட்டுக்கு மேல புதுசா ஒரு கோடு போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கும்பிடலாம். அடுத்த மூணு படத்துக்கும் நீங்கதான்."

போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பலகை அடித்த தச்சு ஆசாரிதான் நல்ல மனசோடு இதையெல்லாம் செய்திருக்க வேண்டும், பிறகு தனியாக நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"வீடுன்னா சின்னச் சின்ன விஷயம்தானே சார்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே, அந்தப் புதுக் கோட்டைக் கிட்டத்தில் பார்க்க உள்ளே ஒரு காலை வைத்தார்.

ஸ்டூடியோ வாசல் காவலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

"செருப்பைக் கழட்டி வெளிய விடுங்க சார். உங்க வீட்டம்மா இப்பதான் தரையைத் துடைச்சிட்டு, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துடறேன்னு போயிருக்காங்க."