போலாரம் வீட்டில் பூ

என் மனைவி பெயர் மங்கையர்க்கரசி. பெயரிலேயே அரசி இருக்கிறாள். நான் உலகநாதன். என் உலகம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். அதற்கும் நாதன் நான் இல்லை. குடை, செருப்பு, தலைவைத்துப் படுக்கும் திசை எல்லாம் அவள் முடிவு. அதனால் வீடு வாங்குவதில் ஒரு தீர்மானம் செய்தேன். அவள் பிடித்திருக்கிறது என்று சொல்லும் வீட்டை வாங்க மாட்டேன். வேண்டாம் என்றால் அதைத்தான் வாங்குவேன்.

இதை அவளிடமே சொன்னது கொஞ்சம் அவசரம்.

பக்கத்து வீட்டு ஜுலைகாவின் மாமா அப்துல் ரஹீம். போலாரத்தில் அவர் வீடு விலைக்கு வந்தது. இருவரும் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் ஒரு நெடி வெளியே வந்து எங்களை வரவேற்றது. ரஹீம் நேர்மையானவர். கையை விரித்தார்.

"கர் மே பூ ஹை, சாப். கைக்கு? மாலூம் நை."

திருச்சியிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. இந்த ஊர் உருதுவான தக்கனியில் எனக்குத் தெரிந்தது 'ஹவ்' மட்டும். ஆமாம் என்று அர்த்தம். வீட்டில் பழகிய சொல். ஆனால் அவர் பேசியது சுத்தத் தமிழாகவே கேட்டது. வீட்டில் பூ இருக்கிறது. கைக்கு எட்டும். மாலை கட்டலாம்.

"ஹவ், ஹவ்" என்றேன்.

மங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாறுதுங்க. நமக்கு வேண்டாம்."

"நாத்தம் இல்ல. பூ வாசம். அவரே சொல்றார்."

"என்ன பூ?"

"தாழம்பூ."

"செத்துப்போன தாழம்பூவா?"

"பழகாத மூக்குக்கு அப்படித்தான் தெரியும்."

"செடி எங்கே?"

"பின்னால இருக்கும். வாங்கினவன் பார்த்துக்குவான்."

"அப்போ உங்க கண்ணுல ஏன் தண்ணி?"

"சந்தோஷம்."

நெஞ்சு நிறைய இழுத்துக் காட்டினேன். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

"சத்தியமா வேண்டாங்க" என்றாள். அப்போதே முடிவாகிவிட்டது.

பத்திரம் பதிவான மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அய்யாக்கண்ணுவிடம் பெருமையாகச் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்தவர். சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று.

"இங்கே பூன்னா நாத்தம்யா. கைக்குன்னா ஏன். மாலூம் நைன்னா தெரியாது. வீடு நாறுது, ஏன்னு தெரியலன்னு அந்த மனுஷன் சொல்லியிருக்கார். நீர் ஹவ்னு சொல்லியிருக்கீர்."

"அவர் வீடா இருந்தவரைக்கும் நாத்தம். இப்போ என் வீடு. பூதான்" என்றேன்.

குடிபோன அன்று ஊதுபத்தி ஏற்றவும் விடவில்லை. ஏற்றினால் நான் தோற்றதாக ஆகும். மூச்சை அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன். ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் பிரமாதம் என்றேன்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள். எழுந்து புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் தேடவே இல்லை. நேராக ஜலதாரைக்குள் கையை விட்டு ஒரு துணிச்சுருளை இழுத்தாள். தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் களகளவென்று வெளியே ஓடியது. பூவும் அதனுடன் போயிற்று.

சுருளைப் பிரித்து உதறினாள். கோடு போட்ட சட்டை. வண்ணான் தொலைத்துவிட்டான் என்று நான் சண்டை போட்ட சட்டை.

"இது எப்படி இங்கே வந்தது?"

"ஜுலைகாகூட முன்னாடியே வந்து பார்த்தேன். கிணத்துத் தண்ணி இனிப்பு. காத்து நல்லா வருது. ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அதுக்கு?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னா நீங்க வாங்க மாட்டீங்களே."

நான் நிமிர்ந்து நின்றேன். அவள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"துணி கெடலைங்க. துவைச்சுத் தரேன், நாளைக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போங்க."