றஸ்மியா தைத்த தொப்பி

தொப்பி முத்தலிபின் புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நான்கே நாள். றஸ்மியாவுக்கு அழுகை முட்டியது.

"கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்," என்றான் கணவன், தொப்பிக்குள் இருந்தபடியே.

எப்படிப் பெரிதாகும்? அவனுடைய வீட்டுத் தொப்பி எப்போதும் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். காலையில் அவன் வழக்கம்போல் மிளகாய் வியாபாரத்துக்குத் தம்புள்ளைக்கு பஸ் ஏறிய பிறகு, அதை எடுத்து வைத்து அளவு பார்த்துத்தான் வெள்ளைப் பொப்ளின் துணியை வெட்டியிருந்தாள்.

கல்யாணமாகி ஐந்து மாதம். மாமனார் அப்துல் ஸமத் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கலேவெலயில் அவர் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாமென்று சொல்லி மகன் இவளைக் கட்டிய கோபம். அவள் எதிரிலேயே நின்றாலும், "ஜெஸீமா, தேத்தண்ணி வேணும்னு சொல்லு" என்று மனைவி வழியாகத்தான் கேட்பார். பெருநாளன்று மகன் தலையில் மருமகள் தைத்த தொப்பியைப் பார்த்தாலாவது அந்த வாய் திறக்காதா என்று அவள் ஏங்கினாள்.

மறுநாள் ஓர் அங்குலம் பிடித்துத் தைத்தாள். ஆணித் தொப்பியோடு வைத்துப் பார்த்தால் சின்னது. பயந்துபோய்ப் பிரித்துவிட்டாள். மாலையில் அது மறுபடி மூக்குக்கு வந்தது. அதற்கடுத்த நாள், ஆணிப் பக்கம் திரும்பியும் பாராமல் ஆத்திரத்தில் இறுக்கிப் பிடித்துத் தைத்து, மிச்சத்தை வெட்டியும்விட்டாள். அன்று அது சட்டிக்கு மூடி போல உச்சந்தலையில் உட்கார்ந்தது. பாவம் முத்தலிப், அவள் மனம் நோகக் கூடாதென்று கழுத்தை அசைக்காமலே சோறு தின்றான்.

இந்த மனுஷனுக்குக் காலையில் ஒரு தலை, மாலையில் ஒரு தலையா? கடைசி நாள் ஒட்டுத்துணி வைத்து, ஆணித் தொப்பியையே நம்பி, அச்சொட்டாக அதே அளவில் தைத்துக் கஞ்சியும் போட்டாள்.

பெருநாள் காலையில் தொப்பி மூக்குக்கே வந்து நின்றது. றஸ்மியா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டாள்.

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். மகன் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கென்றே தைத்ததுபோல் இருந்தது.

"நல்லாத் தைச்சிருக்கீங்க, மகள்," என்றார், அவளைப் பார்த்தே.

பிறகு விறுவிறுவென்று பள்ளிவாசலுக்கு நடந்தார். முத்தலிப் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

றஸ்மியாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. குசினிக்கு ஓடி, அளவே எடுக்காத தலைக்கு அது எப்படிப் பொருந்தியது என்று மாமியிடம் கேட்டாள்.

அடுப்பிலிருந்து வட்டிலப்பத்தை இறக்கிக்கொண்டிருந்த ஜெஸீமா திரும்பாமலே சொன்னாள்:

"அளவு எடுத்தீங்கதானே, மகள். நீங்க துணி வாங்கின நாள்லேருந்து, மகன் பஸ் ஏறினதும், அவன் வாற வரைக்கும் அவன்ட தொப்பிய ஒளிச்சிட்டு, அந்த ஆணியில தன்ட தொப்பிய மாட்டினது ஒங்கட மாமாதான்."