பொட்டாசியப் படலம்

ஸ்டெதாஸ்கோப்பே ஆரமாக, ஆறிப்போன தேநீரே அமுதமாக, ரெசிடென்சி என்னும் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி வனவாசத்தை முடித்து மீண்ட மாதரசி வாழ்க! வார்டுகள் பதினொன்றிலும் வெற்றிக்கொடி நாட்டி, நின்றபடி உண்டு, நடந்தபடி எழுதி, சாய்ந்த இடத்தில் கண்ணயர்ந்த வீராங்கனை வாழ்க! அவள்முன் இனி நின்றது ஒரே கோட்டை: நிபுணர் சான்றிதழ்த் தேர்வு. தேறினால் கதவில் பெயர்ப்பலகை. தவறினால் கைக்கு வந்த வேலை உத்தரவும் போய், மறுதேர்வுக்கு முழுதாக ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

வேலையில் சேருமுன் இருபத்தொரு நாள் ஒதுக்கி, சாப்பாட்டு மேசையைப் போர்க்களமாக்கி, முந்நிற மார்க்கர்களை அம்புகளென அடுக்கி, "மாலைக்குள் சிறுநீரகப் பாடத்தை முடிக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழமாட்டேன்!" என்று திசையெட்டும் அதிரச் சூளுரைத்தாள் தலைவி. நண்பகல் கடந்ததும், பொட்டாசியம் பற்றிய பத்தியின் இரண்டாம் வரியில், நித்திராதேவி நால்வகைச் சேனையோடு வந்திறங்கினாள். மாலைவரை நாற்காலியை விட்டு எழாததால் சூளுரையில் பாதி நிறைவேறிற்று.

மறுநாளும் அதே பத்தி, அதே வரி, அதே வீழ்ச்சி. விழித்த நேரத்தில் எழுதிப் பார்த்த பயிற்சித் தேர்வில் இருபதுக்குப் பதினொன்று. தேறப் பதினான்கேனும் வேண்டும். தோற்றுவிடுவோமோ என்று பயந்து, பள்ளி விடுமுறையில் வீட்டோடு இருந்த பூகோள வாத்தியாராகிய தன் கணவரைத் துணைப்படையாக அழைத்தாள்.

"அலாரமெல்லாம் என் காதுல ஏறாதுங்க. போன் அடிச்சா மட்டுந்தான் முழிப்பேன். பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிடுங்க."

கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முழிச்சிட்டியாம்மா?"

"சொல்லுங்க சிஸ்டர். பிபி எவ்வளவு? சலைனை வேகமா விடுங்க, இதோ வந்துட்டேன்."

எட்டிப் பார்த்தார் வாத்தியார். பச்சை மார்க்கர்மேல் கன்னம் புதைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் தலைவி. போனை எடுப்பதும், ஆணையிடுவதும், மீண்டும் உறங்குவதுமாகிய அம்முப்பெருங்கலைகளையும் இமை திறவாமலே ஆற்றும் வல்லமை மூன்றாண்டுப் பயிற்சி தந்த வரமன்றோ! அன்று ஏழுமுறை அழைத்தார். எங்குமே இல்லாத நோயாளிகள் எழுவர் பிழைத்தனர்.

வகுப்பில் தூங்குகிறவர்களைப் பத்து ஆண்டுகளாகக் கண்டவருக்கு இது புதிதன்று. சிவப்புப் பேனாவை உறையிலிருந்து வாளென உருவினார், அவளுடைய வினாத்தொகுப்பைத் திறந்தார், எட்டாம் முறை அழைத்தார்.

"டாக்டர், கிட்னி கெட்டுப்போன பேஷன்ட், பொட்டாசியம் ஏழரை வந்திருக்கு."

"ஈசிஜி எடுங்க சிஸ்டர். மொதல்ல கால்சியம் போடுங்க. அப்புறம் இன்சுலின், குளுக்கோஸ். வந்துட்டேன்."

அவள் சொன்னதை ஒரு தாளில் குறித்து, விடையைப் புரட்டிப் பார்த்துச் சரி போட்டார். இப்படியே இருபது அழைப்பு, பதினெட்டு சரி.

அவள் விழித்ததும் அந்தத் தாளை நீட்டினார். "நான் சொல்லவே இல்ல, விளையாடாதீங்க" என்று சண்டைக்கு வந்தவள், வரிசையாகப் படிக்கப் படிக்க அழுதேவிட்டாள். ஓடியோடிக் கற்றதெல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது; தோற்றுவிடுவோம் என்ற பயம்தான் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எஞ்சிய நாளெல்லாம் அவர் அழைக்க, அவள் விழித்தபடியே விடை பகர்ந்தாள். தேர்வு நாளன்று கணினித்திரையில் வினாக்கள் அலையலையாய்ப் படையெடுத்து வர, ஒவ்வொன்றையும் "சொல்லுங்க சிஸ்டர்" என்னும் மந்திரத்தை முணுமுணுத்தே அவள் எதிர்கொள்ள, கண்காணிப்பாளர் இருமுறை வந்து வாயில் விரல் வைத்து எச்சரித்துப் போனார்.

வாரங்கள் எட்டு உருண்டன. ஒரு நண்பகலில், இருவரும் பார்க்கும் முகவரிக்குத் தேர்வு முடிவு மின்னஞ்சலாக வந்தது. வெற்றிமுரசு கொட்டும் நெஞ்சோடு, வீட்டிலிருந்த அவளுக்குப் பள்ளியிலிருந்தே போன் செய்தார் வாத்தியார்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா, பாஸ்!"

"நல்லது சிஸ்டர், டிஸ்சார்ஜ் எழுதிடுங்க."

பாஸான விஷயம் சாயங்காலம் எழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.