முருகேசுப் பெரியப்பாவின் செத்தவீடு

“பெரியப்பா மோசம் போயிட்டார் சேர். சனிக்கிழமை லீவு வேணும்” என்று சொல்லி முடித்தபோது கோகுலனுக்கே கொஞ்சம் துக்கமாக இருந்தது. அவ்வளவு நன்றாகச் சொன்னான்.

கோப்பாயில் தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பனி அது. மனேஜர் சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொந்தப் பெரியப்பாவோ?”

“ஓம் சேர். முருகேசுப் பெரியப்பா.”

அப்படி ஒரு பெரியப்பா உலகத்திலேயே இல்லை. சனிக்கிழமை உண்மையில் இருந்தது, பக்கத்து ஊரான திருநெல்வேலியில் ‘அரக்கர் கோட்டை’ அட்டை விளையாட்டின் பெரிய போட்டி. அதைச் சொல்லி லீவு கேட்க முடியாது. சண்முகநாதனுக்குக் காட்ஸ் என்றால் முந்நூற்றிநாலு என்ற பழைய சீட்டாட்டம்தான். அதையும் செத்தவீட்டில் நித்திரை முழிப்பதற்காக ஆடினால் மட்டுமே மன்னிப்பார்.

அரக்கர் கோட்டையில் அடிபட்ட அட்டைகள் போய்ச் சேரும் குவியலுக்குப் பெயர் சுடலை. மற்றவர்கள் டிராகன் அட்டைகளைத் தேடி அலைய, கோகுலன் சுடலையில் கிடந்தபடியே வேலை செய்யும் அட்டைகளைச் சேர்த்தான். எலும்பு பொறுக்கி, ஈரச்சாம்பல், கிழட்டுக் காவலன். புது அட்டைப் பக்கற்றை உடைப்பவர்கள் இவற்றை மேசையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கிழட்டுக் காவலனைப் பாடப்புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்த ஒருவனையும் அவனுக்குத் தெரியும். கோகுலனுக்கோ அந்த அட்டைக்கட்டைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

“உங்கடை டிராகன் செத்தால் கதை முடிஞ்சுது. என்ரையள் செத்தாப்பிறகுதான் வேலைக்கே வெளிக்கிடும்” என்பான். போன வருடமும் லீவு எடுத்துப் போய் முதல் சுற்றிலேயே தோற்றான். இந்த முறையும் தோற்றால் கட்டையும் வாயையும் சேர்த்து மூடவேண்டியதுதான்.

“செத்தவீடு எங்கை? நாங்கள் எல்லாரும் வாறம்” என்றார் மனேஜர்.

கோகுலன் இதை யோசிக்கவில்லை. கலியாணத்துக்குப் போகாமல் ஏதாவது சாட்டுச் சொல்லலாம். செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் ஊர் சும்மா விடாது.

“தூரம் சேர். மன்னாரிலை.”

வாசலில் நின்ற சாரதி கனிசியஸ் எட்டிப் பார்த்தார். “வான் சும்மாதானே நிக்குது. டீசல் அடிச்சு விடுறன்.”

“இல்லையண்ணை, வீடுதான் மன்னார். ஆள் மோசம் போனது கனடாவிலை.”

“அப்ப உமக்கேன் லீவு?” என்றார் மனேஜர்.

“சொந்தக்காரர் எல்லாரும் ஒண்டா இருந்து லைவிலை பாக்கிறம் சேர்.”

கணக்குப் பார்க்கும் மகாதேவி அக்கா தலையை நிமிர்த்தினார். “லிங்கை அனுப்பும் தம்பி. இஞ்சை பெரிய ரீவியிலை போட்டு நாங்களும் பாப்பம். அழுறதுக்கு ரெண்டு பேர் கூடினால் நல்லதுதானே.”

“அது வெளியாக்களுக்கு இல்லை அக்கா. பெரியப்பாவுக்கு ஆடம்பரம் பிடியாது.”

“அப்பிடிப்பட்ட மனிசனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பனராவது அடிக்க வேணும். படம் அனுப்பும்.”

இல்லாத மனிதனின் படத்துக்கு எங்கே போவது? வேறு யாருடைய படத்தையாவது கொடுத்தால், உயிரோடிருக்கும் ஓர் ஆளைச் சாகடித்ததாகிவிடும். கோகுலன் கழிவறைக்குள் போய், பையிலிருந்த கிழட்டுக் காவலனைப் படம் பிடித்து, கொம்பையும் தீப்பந்தத்தையும் வெட்டிவிட்டு அனுப்பினான். மிஞ்சியது நரைத்த தாடியும் குழி விழுந்த கண்களும்.

“நல்ல முகவெட்டு” என்றார் மகாதேவி அக்கா. “கண்ணிலை என்ன பச்சை வெளிச்சம்?”

“கண்புரை அக்கா. ஒப்பரேசன் செய்யாமலே போயிட்டார்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். லீவு கிடைத்தது.

சனிக்கிழமை கோகுலன் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டான். எதிரே மூன்று டிராகன்களோடு நிருஷன், போன வருடத்துச் சாம்பியன். கோகுலனின் பக்கம் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுடலை மட்டும் நிரம்பிக் கிடந்தது.

“விட்டுக் குடுக்கிறீங்களோ அண்ணை?” என்றான் நிருஷன்.

அப்போது மண்டபக் கதவு திறந்தது. முன்னால் மனேஜர், பின்னால் மகாதேவி அக்கா, அதற்கும் பின்னால் சுருட்டிய பனரோடு கனிசியஸ். கோகுலன் அவர்களைக் கண்டுவிட்டான். வேலை போனது நிச்சயம். போகிற நேரத்தில் இந்தக் கட்டாவது மானத்தைக் காப்பாற்றட்டும் என்று கையைச் சுடலைக்குக் கொண்டுபோனான்.

“கிழட்டுக் காவலன் எழும்புறார். சுடலையிலை கிடக்கிற ஒவ்வொரு அட்டையும் அவருக்குப் பலம்.”

நிருஷன் சிரித்தான். பிறகு சுடலையை எண்ணினான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மூன்று டிராகன்களும் ஒரே அடியில் போயின. நிருஷனின் கோட்டையும் விழுந்து ஆட்டம் முடிந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. காவலனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தவன் அதை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். கோகுலனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

கனிசியஸ் பனரை விரித்தார். அதே நரைத்த தாடி, அதே பச்சை வெளிச்சம். கீழே கண்ணீர் அஞ்சலி என்று இல்லை. ‘எங்கடை கோகுலன் வெல்லுவான்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மனேஜர் அதன் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

“சேர், உங்களுக்கு எப்பிடி...” என்று கோகுலன் இழுத்தான்.

மனேஜர் கனிசியஸைப் பார்த்தார். கனிசியஸ் தொண்டையைச் செருமினார்.

“போன வருசமும் முருகேசுப் பெரியப்பாதான் செத்தவர் தம்பி. மலர்வளையத்தோடை உங்கடை வீட்டைத் தேடி வரேக்கை, உம்மடை மோட்டச்சைக்கிள் இந்த மண்டப வாசலிலைதான் நிண்டது.”