பிள்ளைத்தாச்சி இன்ஸ்பெக்டர்

நாஞ்சில் நாட்டிலேயே அதிக தடவை பேறுகால நோவு கண்டவர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் பிள்ளைத்தாச்சி இன்ஸ்பெக்டர்தான். ஒரு பிள்ளைகூட அவர் பெற்றதில்லை, பெறவும் முடியாது. அவருக்கு முறுக்கிவிட்ட மீசை இருந்தது, சர்க்கார் உத்தியோகம் இருந்தது, வீட்டில் பெண்டாட்டியும் இருந்தாள். ஆனாலும் மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘எனக்கம்மோ!’ என்று ஒரு சத்தம் போட்டாரானால், பெற்றவள் எவளும் தன் இடுப்பை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

மகாராஜா காலம், முப்பதுகளின் ஆரம்பம். குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தர்மாஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். டாக்டர் ஒருவர் உண்டு. பிரேதம் அறுத்த வழக்குகளுக்குச் சாட்சி சொல்ல வாரத்தில் பாதி நாள் கோர்ட்டுக்குப் போய்விடுவார், மீதி நாள் அங்கே வக்கீல் கேட்டதையும் தான் சொன்னதையும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே பிரசவ அறை முழுக்கப் பெரிய நர்ஸம்மாவின் ராஜ்யம். கோட்டாற்றுக்காரி. அவர் குரலை உயர்த்தினால் ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: ஆண்பிள்ளை பிரசவ அறைப் படியைத் தாண்டக் கூடாது. டாக்டர்கூட வெளியே நின்று இருமிவிட்டு, உத்தரவு கிடைத்த பிறகுதான் வருவார்.

இந்தப் படியில்தான் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பிரசவ அறைகளையெல்லாம் ஒரு கை பார்க்க வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. எந்த அறையில் ஆபத்தில்லாமல் பிள்ளை பெறலாம், எதில் முடியாது என்று அளந்து சொல்ல இவரை அனுப்பியிருந்தார்கள். தேறாத அறையைப் பூட்டிவிட்டுக் கட்டிலை நாகர்கோவிலுக்கு ஏற்றிவிடுவார்கள். கையில் அளவு நாடா, சட்டைப் பையில் தெர்மாமீட்டர்.

“அறையைப் பரிசோதிக்கணும் அம்மா,” என்றார்.

“அறைக்குக் காய்ச்சலா?” என்றார் பெரிய நர்ஸம்மா.

“ஒரு பிரசவம் ஆபத்தில்லாம நடக்க இதுக்கு யோக்கியதை உண்டாண்ணு சர்க்காருக்கு அறியணும்.”

“அங்கன நிண்ணு கேளும், சொல்லுகேன்.”

“கேட்டா எல்லாரும் உண்டுண்ணுதான் சொல்லுகா. கண்ணால பாக்கணும்.”

“இந்தப் படி ஏறணும்னா நோவு வந்திருக்கணும் வே! நோவு வந்தா வாரும், நானே கதவத் திறந்து விடுகேன்.”

வராந்தாவில் இருந்த பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார், மீசையைத் தடவினார், “நியாயம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு வராந்தாவில் சிரிக்காத இன்னொரு ஆள் திரேசம்மாள். இனயத்துக்காரி, மீன் விற்கிறவள், ஆறு மாதக் கர்ப்பம். எங்கள் பிரசவ அறை திறப்பதற்கு முந்தி, முதல் பேறுக்கு அவளை நாகர்கோவிலுக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். தக்கலை தாண்டுமுன் வண்டியிலேயே பிள்ளை பிறந்து வண்டியிலேயே போய்விட்டது. அவள் எழுந்து இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலேயே கேட்டு வரைக்கும் போனாள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நானும் போனேன்.

“சாரே, இத பூட்டிப்போட்டா நாங்க எங்க போவோம்?”

“நாகர்கோவிலுக்கு.”

“போனேனே. எனக்க பிள்ள பாதி வழியில போச்சு. எனக்க பேறு முடியது வர பூட்டாதியும் சாரே. புண்ணியமாட்டு இருக்கும்.”

“தாங்காத அறையில உன்னக் கொண்டு கிடத்தினா அது அதவிடப் பாவமில்லியா? பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்,” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கல்நெஞ்சுக்காரப் பாவி என்று நான் அவர் காதில் விழும்படியே சொன்னேன். விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், சந்தை நாள், நல்ல வெயில். ஒரு கூண்டு வண்டி எங்கள் கேட்டில் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஓர் ஓலம். காவல்காரன் செல்லப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாவகாசமாக எழுந்து, “யாருக்கு நோவு?” என்று கேட்டான். வண்டிக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வண்டிக்குள்ளிருந்து பதில் வந்தது: “எனக்குத்தான். கேட்டத் திற. நேரம் போவுது.”

எட்டிப் பார்த்தேன். வைக்கோல்மேல் இன்ஸ்பெக்டர் மல்லாந்து கிடந்தார். வயிற்றில் ஒரு தலையணையை வைத்து வேட்டியால் சுற்றிக் கட்டியிருந்தார்.

சந்தைக்கு வந்த கூட்டம் முழுக்க ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறிவிட்டது. பெரிய நர்ஸம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“வயித்துல என்னது வே?”

“தலகாணி.”

“எத்தன மாசம்?”

“பத்தும் தெகஞ்சாச்சு.”

அத்தனை பெண்கள் முன்னால் கொடுத்த வாக்கு. மாற்ற முடியாது. நர்ஸம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். “சரி, உள்ள கொண்டாங்க. முறைப்படி எல்லாம் நடக்கட்டும்,” என்றார். பிரசவத்துக்கு வருகிற யாராக இருந்தாலும் முதலில் சோப்புத் தண்ணீர் எனிமா கொடுப்பது அந்தக் கால முறை. ஆண்கள் வார்டு ஆளைக் கூப்பிட்டு அந்தக் கைங்கரியத்தை ஒப்படைத்தார். மனிதர் பின்வாசல் வழியாக ஓடிவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வெளிறிப்போய், நெற்றியெல்லாம் வேர்வையோடு, தானே நடந்து வந்து கட்டிலில் ஏறிப் படுத்தார். “தண்ணிக்க சூடு சரியாயிருந்துது,” என்றார்.

பிறகு தொடங்கியது கூத்து. முக்கினார், முனகினார், கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “பிள்ள வந்தாச்சு. ரத்தம் நிக்கல்ல. மருந்து எங்க?” என்றார். மருந்து அலமாரியில். அலமாரி பூட்டிக் கிடக்கிறது. சாவி டாக்டர் பையில். டாக்டர் கோர்ட்டில். நான் மேஜையடியில், ஜன்னலில், பெரிய நர்ஸம்மாவின் கொண்டையில்கூடத் தேடினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் கண்ணை மூடிக் கையைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறார்.

“என்னாச்சு?” என்று பதறினேன்.

“மரணம் சம்பவிச்சாச்சு.”

“யாருக்கு?”

“எனக்கு. சாவி தேடுக இடையில.”

“சவத்துக்கு வாயப் பாரு!” என்று நர்ஸம்மா கத்தினார். சவம் அசையவில்லை. டாக்டர் வந்து அலமாரி திறக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்துவிட்டது. மற்ற நோயாளிகளின் சொந்தக்காரப் பெண்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி தலைமாட்டில் திரிகூடக் கொளுத்திவிட்டாள்.

எழுந்தபின், “இந்த அறை தேறாது. ஆனா பூட்டுகதுக்கு முன்ன இன்னொரு மட்டம் வருகேன்,” என்றார். வந்தார். இந்தத் தடவை அலமாரிச் சாவி சுவர் ஆணியில் தொங்கியது, மருந்தும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளையும் பெற்றார், ரத்தமும் நின்றது. அப்பாடா என்று நர்ஸம்மா உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் சொன்னார்: “இப்பம் சாவல்ல. வாற வியாழக்கிழமை ஜன்னி கண்டு சாவேன். நீங்க யாரும் கை கழுவல்ல.” வியாழக்கிழமை காலையில் அந்த வண்டிக்காரன் மெனக்கெட்டு வந்து கேட்டில் நின்றான். “சார் இண்ணைக்கு விடியக்காலம் மரிச்சுப் போனாராம். சொல்லீட்டு வரச் சொன்னாரு.” நர்ஸம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு ஊரில் எங்களுக்குத் தலைகாட்ட முடியவில்லை. சாயாக்கடையைத் தாண்டினால், “ஏட்டி நர்ஸே, சார் பிழைச்சாரா?” என்பார்கள். இன்னொரு மட்டம் கேட்டைத் திறக்கப் பிந்தியதில் வண்டியிலேயே செத்தார். ஒரு மட்டம் தண்ணீர் கொதிப்பதற்குள் செத்தார். இதற்கிடையில், வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் அவர் பெற்றுப் பிழைத்துக் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனதாக ஒரு பேச்சு வந்தது. அதைத்தான் நர்ஸம்மாவால் தாங்க முடியவில்லை. “அங்க பிழைக்காரு, இங்க வந்து சாவுகாரா? இவரப் பெற வச்சுப் பிழைக்க வைக்காம நான் விடமாட்டேன் பாத்துக்க!” என்று சபதம் போட்டார்.

அவருக்கு எதற்கு இந்தப் பாடு என்று ஊரில் கதை கட்டினார்கள். முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாளாம், அந்தத் துக்கமாம். நானும் நம்பி இரண்டு நாள் உருகினேன். அப்புறம் அந்த முதல் பெண்டாட்டியே திடகாத்திரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். “இவரு உங்க கட்டில்ல கிடந்து பெறுகாரு, வீட்டுல ஒரு விறகு கீறித் தரமாட்டாரு,” என்று புலம்பிவிட்டுப் போனாள்.

நாங்கள் மட்டும் சும்மாவா இருந்தோம்? செல்லப்பன் வெற்றிலையை விட்டான். மாட்டு மணிச் சத்தம் கேட்டாலே கேட்டைத் திறந்துவிடுவான். வைக்கோல் வண்டியெல்லாம் உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போகும். வெந்நீர் அடுப்பு அணைவதே இல்லை. நான் கை கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப்போய், தூக்கத்தில்கூடக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேனாம்.

கடைசிப் பரிசோதனை. இன்றைக்குத் தேறவில்லையென்றால் பூட்டு என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியிலிருந்தே இறங்கினார். எல்லாம் அருமையாகப் போயிற்று. நர்ஸம்மா முழங்கைவரை கழுவிவிட்டு நின்று, “முக்கும் வே! இன்னும் கொஞ்சம்! தலை தெரியுது!” என்று அதட்டுகிறார். இன்ஸ்பெக்டர் உயிரைக் கொடுத்து முக்குகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளையை வாங்கிக்கொள்ள நான் துணியை விரித்துப் பிடித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் செல்லப்பன் ஓடி வந்தான்.

“நர்ஸம்மா, நோவு!”

“இங்க ஒண்ணு நடக்கே, கண்ணு தெரியல்லியா?”

“இது உள்ளதாக்கும் அம்மோ! மெய்யான நோவு! இனயத்துக்காரி!”

அடுத்த நிமிஷம் நர்ஸம்மா இன்ஸ்பெக்டரைக் கட்டிலிலிருந்து அரிசி மூட்டை மாதிரி உருட்டிவிட்டார். விரிப்பை மாற்றுவதற்குள் திரேசம்மாளைத் தூக்கி வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தினோம். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் மனிதர் தலையணையோடு மாட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. மெதுவாக எழுந்து கதவைப் பார்த்து நகர்ந்தவரின் கையைத் திரேசம்மாள் எட்டிப் பிடித்துவிட்டாள். வலை இழுத்த குடும்பத்துப் பிடி. விடுவிக்க முடியவில்லை.

“சாரே, நீரு எத்தனையோ மட்டம் செத்த ஆளாக்கும். உமக்குத் தெரியும். சொல்லும், நான் செத்துப் போவேனா?”

நர்ஸம்மாவே ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீரை, ஆணியில் சாவியை, மருந்தை, எங்கள் ஈரக் கைகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இல்ல மகளே. இந்த அறையில சாவுகதுக்கு வழியே இல்ல. நான் எல்லா வழியும் போய்ப் பாத்தாச்சு. எல்லாம் அடைச்சாச்சு.”

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டாள். பிள்ளை பிறந்தது, பெண். உடனே ரத்தம் பெருகியது. நிற்கவில்லை. என் கை தானாகப் போய் மருந்தை எடுத்துவிட்டது. இருட்டறையில் விட்டிருந்தாலும் எடுத்திருப்பேன். நர்ஸம்மா வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பிள்ளை வீறிட்டது. ‘தொப்’ என்று ஒரு சத்தம்: இன்ஸ்பெக்டர் மயங்கிக் குப்புற விழுந்திருந்தார். தலையணை இருந்ததால் அடி படவில்லை. மெய்யான பேறு ஒன்றை அந்த மனிதர் பார்த்தது அன்றைக்குத்தான்.

முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். “அறை தேறியாச்சு. பூட்டவேண்டாம்,” என்றார், முதல் பேச்சாக.

“அத நீரு சொல்லணுமாக்கும்?” என்று நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சேனை தொட்டு வைப்பது என்று ஒன்று உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் துளி சீனித் தண்ணீர் யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஊரிலேயே நல்ல குணசாலியாகத் தேடிப் பிடிப்பார்கள். திரேசம்மாள் கண்ணைத் திறந்ததும், “சார் தொட்டு வைக்கட்டு,” என்றாள்.

“ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இந்தக் கிறுக்குக் குணம் பிள்ளைக்கு வந்துட்டுண்ணா என்ன செய்வ?” என்றார் நர்ஸம்மா.

“வரட்டு நர்ஸம்மா. நான் சாவக்கூடாதுண்ணு எனக்க முன்ன இத்தன மட்டம் செத்த மனுசன் வேற ஆரு உண்டு?”

நர்ஸம்மா சீனித் தண்ணீர் கலக்கப் போனார். இன்ஸ்பெக்டர் எழுந்து கை கழுவினார், கழுவினார், பிள்ளை அலற அலறக் கழுவினார். தண்ணீர் கொதிக்க வைத்ததுதானா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். பிறகு குனிந்து, சுண்டுவிரலால் ஒரு துளி தொட்டு வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது.

அவர் குணம் அந்தப் பெண்ணுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.