ஓரம் வெட்டப்பட்ட வீரன்

கடகடகட என்று ஒரு சத்தம். கண்ணைத் திறக்காமலே யோசித்தேன். துவைக்கும் இயந்திரத்துக்குள் யாராவது சாவிக்கொத்தோடு சட்டையைப் போட்டுவிட்டார்களா? மேல் வீட்டில் கட்டிலை நகர்த்துகிறார்களா? இல்லை, என் பல்தான் ஆடுகிறதா? மறுபடியும் கடகடகட. பிறகு ஏதோ ஒன்று தட்டில் உருண்டு, தயங்கி, நின்றது.

"அப்பா, எழுந்திருங்க. பகடை கூப்பிடுது."

கதவுக்கு வெளியே மகள். எவர்சில்வர் டம்ளருக்குள் பகடையைப் போட்டுக் குலுக்கி என்னை எழுப்புவது அவளுடைய கண்டுபிடிப்பு. மற்ற நாட்களில் பகலில் என்னை எழுப்பினால் வீட்டில் கொலை விழும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் விதிவிலக்கு.

நான் இரவுப்பணிக்காரன். அதில் இரவு நிச்சயம். பணிதான் கொஞ்சம் சந்தேகம். ஆவணக் காப்பகம் ஒன்றில், பல நூறு வருடத்துப் பழைய ஏடுகளையும் படங்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறேன். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே அந்தப் படங்களைப் பார்க்கலாம். பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம். அங்கே என்னோடு யாரும் பேசுவதில்லை. படத்தில் இருப்பவர்களும் பேசுவதில்லை. இதைவிட நல்ல சகவாசம் எனக்குக் கிடைத்ததில்லை.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பகல் வேலை. காலையில் நான் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டுவாள். எங்கள் தாம்பத்தியம் முக்கால்வாசி அந்தக் கதவோரத்தில்தான் நடந்தது. "பால் இருக்கு." "சரி." "குழாய் ஒழுகுது." "பாக்கறேன்." கட்டிலில் அவள் படுத்த இடத்தின் சூட்டில்தான் நான் படுப்பேன். அதுவும் ஒரு வகையில் சேர்ந்து வாழ்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் மகள் கல்லூரியிலிருந்து ரோல்பிளே என்ற ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு வேடம். நீ யார், உன் கையில் என்ன, உன் பலம் என்ன என்று ஓர் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் கதை சொல்லுவாள். நம் வேடம் என்ன செய்யப்போகிறது என்று நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். ஆனால் வேடத்துக்கு முகம் வேண்டுமே? அங்கேதான் குடும்பத்தில் எனக்கு முதன்முறையாக ஒரு மதிப்பு வந்தது. காப்பகத்துப் பழைய படங்களிலிருந்து வீரர்களையும் சூனியக்காரிகளையும் கடல் பூதங்களையும் அச்செடுத்து அட்டையில் ஒட்டினேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன். படத்தில் இருப்பது எல்லாம் சேரும். இல்லாதது எதுவும் சேராது.

சட்டம் வந்ததற்குக் காரணம் மாடி வீட்டு அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கதையில் ஆபத்து வந்தால் வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார். அதனால் பிரேக் அண்ணன். அவருடைய வேடம் துடுப்போடு நிற்கும் ஒரு கிழப் படகோட்டி. அந்தப் படகுக்கு ஹாரன் வேண்டும் என்று பல வாரம் சண்டை போட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காப்பகத்தில் வாசகர் அறைக்கு ஆள் தேவைப்பட்டது. பகல் வேலை. மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் திங்கள் காலைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார். வாசகர் அறை என்றால் மனிதர்கள் வருவார்கள். கேள்வி கேட்பார்கள். பள்ளிக்கூடம் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டது. மீதி தூரத்தை நானே தட்டுத் தடுமாறி நடந்தவன். இருட்டில் நடந்ததால் யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் நடந்து காட்டு என்றால்?

மனைவியிடம் சொன்னேன். அவள் சொன்னது இரண்டே வார்த்தை.

"உங்க இஷ்டம்."

கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனைவி திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். அழுதால் சமாளிக்கலாம். "உங்க இஷ்டம்" என்றால் தப்பிக்க வழியே கிடையாது. ஒரு வாரம் அந்த இஷ்டத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டேன். சனிக்கிழமை காலை, கதவோரத்தில், அவளே ஆரம்பித்தாள்.

"எதுலதான் நான் உங்களை ஜெயிச்சிருக்கேன்? ஞாயித்துக்கிழமை விளையாட்டுலகூட முடியல."

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. "அப்ப பந்தயம்! நாளைக்கு என் வேடமும் உன் வேடமும் மோதட்டும். நான் ஜெயிச்சா ராத்திரி வேலை. நீ ஜெயிச்சா பகல் வேலை. பகலைப் பகடை தீர்மானிக்கட்டும்!"

"ஐயய்யோ, எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். "சரி, நீங்க சொன்னா."

எனக்குத் தோற்கும் பயமே இல்லை. என்னிடம் இடிமுழக்கன் இருந்தான். பழைய ஏடு ஒன்றிலிருந்து எடுத்த தளபதி. இரும்புத் தொப்பி, மார்புக் கவசம், வானத்தை நோக்கி உயர்ந்த இரண்டு கை, போர் முழக்கம் செய்யும் திறந்த வாய். "அப்பா, இது அப்படியே உங்க ஜாடை" என்று மகளே பிரமித்துப்போன படம்.

ஆக, ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. காலையில் நான் பாதி மடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். மலையை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினோம். அண்ணன் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இன்னிக்கு என் படகுக்கு வேலை இருக்கா?"

"இல்லண்ணே. இன்னிக்கு நேருக்கு நேர். நீங்க சாட்சி."

மகள் தொண்டையைச் செருமினாள். "ஒரு பாலம். இந்தப் பக்கம் ராத்திரி. அந்தப் பக்கம் பகல். நடுவுல ரெண்டு பேர் சந்திக்கிறாங்க. அட்டையைத் திருப்புங்க."

இடிமுழக்கனை மேசையில் அறைந்தேன். மனைவி தன் அட்டையை மெதுவாகத் திருப்பினாள்.

நத்தை.

கோடு போட்ட ஓடு. இரண்டு கொம்பு. கன்றுக்குட்டி அளவு என்று அட்டையில் எழுதியிருந்தாலும், நத்தை நத்தைதானே?

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. "ஏம்மா, ராணி கிடைக்கலையா? சூனியக்காரி கிடைக்கலையா?"

"காப்பகத்துப் படம்தான். சட்டப்படிதான்" என்றாள்.

"நத்தையோட பலம்?" என்று மகள் கேட்டாள்.

"வீடு."

"ஆயுதம்?"

"அவசரமே கிடையாது. அதான் ஆயுதம்."

"தங்கச்சி, யோசிச்சுக்கோ" என்றார் அண்ணன். "எதிர்ல நிக்கிறது தளபதி."

நான் எழுந்து நின்றேன். "இடிமுழக்கன் வாளை உருவுகிறான்!"

"எந்த வாளுப்பா?"

"என் வாள்."

"படத்துல இல்லையே."

"இடுப்புல இருக்கும். படம் மார்போட நின்னுபோச்சு."

"அப்ப கீழயும் பாத்துடலாமா?" என்றாள் மனைவி. மடித்து வைத்திருந்த ஒரு பெரிய தாளைத் துணி மலைக்கு அடியிலிருந்து எடுத்தாள். பிரித்தாள். ஏட்டின் முழுப் பக்கம். மேலே எழுத்து. கீழே, பக்கத்தின் ஓரத்தில், இடிமுழக்கன்.

மண்டி போட்டிருந்தான். வாள் புல்லில் விழுந்து கிடந்தது. உயர்ந்த கைகள் வானத்தைப் பார்த்து உயரவில்லை. ஐயோ என்னை விட்டுவிடு என்று உயர்ந்திருந்தன. வாய் திறந்திருந்தது முழக்கத்துக்கு அல்ல. அவனுக்கு எதிரே, கொம்பை நீட்டிக்கொண்டு, நிதானமாக, அதே நத்தை.

அண்ணன் தரையை மிதித்தார்.

"இந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனது யாருங்க?"

"நான்தான்."

"முழுசாவா?"

"முழுசாத்தான். ஓரத்தை வெட்டக் கூடாது. எங்க வேலையில முதல் பாடமே அதுதான்."

"ஆபீஸ்ல வெட்டல. வீட்டுக்கு வந்து வெட்டிட்டீங்க."

ஸ்கேன் செய்யும்போது நத்தையைப் பார்த்தேன்தான். ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். அச்செடுத்தபோது, வீரனுக்கு முழங்கால் எதற்கு என்று அதையும் கத்தரித்தேன்.

ஆனாலும் விடவில்லை. "பகடை! தளபதி எழுந்திரிக்க முடியுமான்னு பகடை சொல்லட்டும்!"

டம்ளரைக் குலுக்கிக் கவிழ்த்தேன். உச்ச எண். அண்ணன் கைதட்டினார். யார் பக்கம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"தளபதி எழுந்துட்டார். வாளையும் எடுத்துட்டார்" என்றாள் மகள், ஒரு நேர்மையான நீதிபதியின் வருத்தத்தோடு. "நத்தை என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. கேக்குது."

"என்ன கேக்குது?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். பல் மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடப் பார்ப்பவர்களை உட்காரவைக்கும் குரல் ஒன்று அவளிடம் உண்டு. நான் அதைக் கேட்டதில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன்.

"எங்க வலிக்குது?"

"தளபதிக்கு வலியெல்லாம் இல்ல."

"சரி. எப்பலேர்ந்து இல்ல?"

நான் உட்கார்ந்துவிட்டேன். வாளைப் பிடித்திருக்கிறேன் என்று கையை மட்டும் மூடி வைத்துக்கொண்டேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறைய பேர் இருப்பாங்க" என்றேன். "தளபதி எந்தப் போர்ப் பள்ளியில படிச்சார்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றாள். பொய் சொல்லவில்லை. "கேட்டா கொம்பை உள்ள இழுத்துக்கலாம். எல்லாரும்தான் இழுத்துக்கிறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நீட்டலாம். அவ்வளவுதான்."

"உனக்கென்ன, உனக்கு ஓடு இருக்கு."

"இருக்கு. ஆனா அதுல ஒரு கஷ்டம்." பகடையை எடுத்து விரலால் உருட்டினாள். "ரெண்டு பேருக்குன்னு கட்டின வீடுங்க. சாயங்காலம் ஆனா ஒரு பக்கம் காலியா இருக்கு. நத்தைக்குப் பேச ஆள் இல்ல. தனக்குத் தானே 'சாப்ட்டியா'ன்னு கேட்டுக்குது."

அண்ணன் காலை எடுத்து மெல்லக் கீழே வைத்தார், சத்தம் வராமல்.

"இடிமுழக்கன்" என்றேன். மூடியிருந்த கையைத் திறந்தேன். "வாளைக் கீழ போடறான்."

"பகடை போடணுமாப்பா?"

"வேண்டாம்மா. மண்டியும் போட்டுட்டான். படத்துல இருக்கிற மாதிரியே இருக்கட்டும். சட்டம்னா சட்டம்."

மேலாளருக்கு அங்கேயே போன் செய்தேன். பகலுக்கே வருகிறேன் என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் சொல்லிவிட்டேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு நான் கொஞ்சம் பெரிய மனிதனாகத் தெரிந்தேன். தானே பந்தயம் கட்டி, தானே தோற்று, வாக்கைக் காப்பாற்றியவன்! இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா இருந்துச்சு தங்கச்சி. ஒத்திகையைவிட நல்லா இருந்துச்சு."

"அண்ணே!" என்றாள் மனைவி.

அண்ணன் தரையை மிதித்தார். ஆனால் வண்டி போய்விட்டது.

"ஒத்திகையா?" என்றேன்.

"தம்பி தூங்கறப்ப என் வீட்டுல வெச்சுப் பாத்தோம். நான்தான் தளபதி. அந்த 'சாப்ட்டியா' வர்றதுக்குள்ளயே மண்டி போட்டுட்டேன், தாங்க முடியல." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஓட்டுநராக இருந்த காலத்தில் ஒருநாளும் போகாத வேகத்தில் மாடி ஏறினார்.

மகளைப் பார்த்தேன். "அப்ப அந்தத் தளபதி என் ஜாடைன்னு சொன்னது?"

மகள் மின்விசிறியை உற்றுப் பார்த்தாள். அதில் என்னவோ படித்துக்கொண்டிருப்பவள் போல.

"இருக்கட்டும்" என்றேன். கடைசிக் கோட்டை ஒன்று மிச்சம் இருந்தது. "பந்தயம்னு சொன்னது நான்தானே? அது என் வாயிலேர்ந்துதானே வந்துச்சு?"

"ஆமாங்க. உங்க வாயிலேர்ந்துதான்" என்றாள் மனைவி. "அதை வரவைக்கிறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு. பல்லைப் பிடுங்கறதே சுலபம்."

மகள் பகடையை டம்ளரில் போட்டுக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

மேசையில் நாங்கள் இருவர். நடுவில் துணி மலை. ஜன்னலில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வழக்கமாக இந்நேரத்துக்கு நான் திரும்பப் படுத்திருப்பேன். சும்மா இருக்கத் தோன்றவில்லை. மலையிலிருந்து ஒரு போர்வையை இழுத்தேன். போர்வையைத் தனியாக மடிப்பதில் நான் தேர்ந்தவன். ஒரு முனையைத் தாடையால் அழுத்திக்கொண்டு, மறு முனையைக் கையால் பிடித்து, ஒரு மாதிரி குதித்து மடிப்பேன்.

"தாடையை எடுங்க" என்றாள். எதிர்ப் பக்கம் போய் இரண்டு முனைகளையும் பிடித்தாள். "பின்னாடி போங்க."

போனேன்.

"உதறுங்க."

உதறினேன்.

"இப்பக் கிட்ட வாங்க."

வந்தேன். முனைகள் சேர்ந்தன. போர்வையை என்னிடமிருந்து வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை என் கையில் கொடுத்தாள்.