கேப்டன் முகத்தில் விழுந்த விரிசல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். உங்கள் பின்பால் இயந்திரம், அதான் இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் அந்தப் பெட்டி, அவ்வளவு நலமாக இல்லை. போனில் சொன்னால் இடையிடையே கேள்வி கேட்பீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

வீடு மாறும்வரை இயந்திரம் எங்கள் முன்னறையில் இருக்கட்டும் என்று விட்டுப்போனீர்கள். "நீங்க பாத்துப்பீங்கங்கிற நம்பிக்கைலதான் வைக்கிறேன் மாமா" என்றும் சொன்னீர்கள். கல்யாணமானதிலிருந்து நீங்கள் என்னிடம் ஒப்படைத்த ஒரே பொருள் இது. அதற்குமுன் ஒப்படைத்தது நான்தான். எனக்கு ஒரே பெருமை. தினமும் துடைத்தேன். துடைத்ததோடு நின்றிருக்கலாம். இரும்புக் குண்டு உருண்டு வந்து மோதும்போதெல்லாம் இடது மூலையில், கப்பல் கேப்டன் படம் போட்ட பிளாஸ்டிக் தகடு லேசாக ஆடியது. நான் வேலைக்காலம் முழுவதும் பாலங்களில் நட்டு முடுக்கியவன். ஆடுகிற நட்டைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மேல் கண்ணாடியைக் கழற்றி, ரயிலே போனாலும் அசையாதபடி முடுக்கினேன். அடுத்த குண்டு மோதியதும் 'டக்'. வாயிலிருந்து காதுவரை விரிசல். அடி தாங்க வேண்டுமானால் அந்தத் தகடு கொஞ்சம் ஆடித்தான் ஆக வேண்டுமாம். பிறகுதான் படித்தேன்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சா?" என்றார் உங்கள் மாமியார்.

பசை போட்டேன், விரிசல் ஒட்டியது, ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் படிந்து கேப்டனுக்கு ஒரே நாளில் நரை வந்துவிட்டது, நரையை எடுக்கலாமென்று நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நரை அப்படியே இருக்க, பின்பக்கம் அச்சடித்திருந்த இடது கண் பஞ்சோடு வந்துவிட்டது, சரி, கண்தானே என்று மார்க்கரால் வரைந்தேன், அது சற்று மேலே போய்விட்டது.

"இது கேப்டனா, உங்க அண்ணனா?"

"எங்கண்ணனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துலதான் இருக்கு."

"என்னிக்காவது கிட்டப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

இதற்குள் தகட்டின் ஓரம் நெளிந்திருந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி நிமிர்த்தினேன். பிஸ்கட் டப்பாவின் கண்ணாடி போன்ற மூடியை அளவாக வெட்டிப் பின்னால் முட்டுக்கொடுத்தேன். ரப்பர் வாஷர் போட்டு, ஸ்பேனரைத் தொடாமல் விரலால் மட்டும் முடுக்கினேன். சாயங்காலம் முழுக்க நாங்கள் இருவரும் மாறி மாறி ஆடிப் பார்த்தோம். தாங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்பால் போட்டிக்கு இயந்திரத்தை எடுத்துப்போக வரும்போது நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட முன்பே சொல்லிவிடுவது மேல். இனி எதையும் என்னை நம்பித் தர மாட்டீர்களோ என்பதுதான் என் கவலை. ஸ்பேனரைப் பரணில் போட்டுவிட்டேன். புத்தி வந்துவிட்டது.

மகளும் நீங்களும், கொஞ்சம் ஆட இடம் விட்டு, உடையாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் பார்சல் வந்தது. உடைந்த அன்றே உங்கள் மாமியார் போனில் சொல்லிவிட்டாராம். நீங்களும் சிரித்துவிட்டு, "புதுசு அனுப்புறேன், மாமாவே மாட்டட்டும்" என்றீர்களாம். கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பரணில் ஏறி, ஸ்பேனரை எடுத்து, உடனே நானே மாட்டினேன். மறுபடி 'டக்'. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது பழைய கேப்டனே பொறுப்பில் இருப்பார்.